வயதேறிய பின்கள வீரர்: அடுத்த பருவத்துக்கும் பதிவு செய்வதா?

பதிவுப் பட்டியல் எழுதும் நாளில் முன்கள வீரர்களின் பெயர்கள் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கோல் காப்பாளரைப் பற்றி விவாதமே எழாது. பெரும்பாலான கழகங்களில் அந்த வேலைக்கு ஒருவர்தான் இருப்பார். பேச்சு தடைப்படும் இடம் பின்களம். பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பின்னால் நின்று அணியைக் காத்தவருக்கு இப்போது வயது முப்பத்தைந்து, முப்பத்தாறு. "அவர் இல்லாட்டி பின்னுக்கு யார் நிற்கிறது?" என்று ஒரு பக்கம் கேட்கும். "இன்னும் எத்தனை வருஷத்துக்கு?" என்று மறுபக்கம் கேட்கும். இலங்கையில் ஹொக்கி என்றதும் மாத்தளை நினைவுக்கு வருகிற அளவுக்கு இந்த மாவட்டத்துக்கு அந்த விளையாட்டோடு நெருக்கம் உண்டு. அதனால் நாவுல போன்ற ஒரு சிறு நகரத்தின் கழகத்திலும் இந்தக் கேள்வி ஆளாளுக்கு ஒரு கருத்தோடுதான் வரும். இரண்டு பக்கமும் கேட்பது பிழையான கேள்வி என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். வயதேறிய பின்கள வீரரை வைத்திருப்பதா என்பதை அவரை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. அவருக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார், அவருக்குப் பின்னால் யார் வருகிறார் என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மாற்று ஆள் இல்லை என்பதற்காக அவரைப் பதிவு செய்வது மிகப் பலவீனமான காரணம். மாற்று ஆள் இருக்கிறார் என்பதற்காகப் பதிவு செய்வதுதான் பலமான காரணம். கேட்பதற்கு இது தலைகீழாகத் தெரியும். காரணத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், நம்மைப் போன்ற கழகங்கள் இதில் எதைச் செலவழிக்கின்றன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்தியாவின் ஹொக்கி இந்தியா லீக்குக்காக 2024 ஒக்டோபரில் நடந்த ஏலத்தில் ஹர்மன்பிரீத் சிங்கை 78 இலட்சம் இந்திய ரூபாவுக்கு எடுத்தார்கள். அவரும் பின்கள வீரர்தான். அங்கே கேள்வி பணம். நாவுலயில் யாரும் யாருக்கும் அப்படிக் கொடுப்பதில்லை. வான் கூலியையும் மத்தியானச் சாப்பாட்டையும் சமாளித்தாலே பொருளாளருக்குப் பெரிய நிம்மதி. இங்கே செலவாவது இடமும் நிமிடமும். ஒரு போட்டிக்கு வழமையாகப் பதினெட்டுப் பேர்: களத்தில் பதினொருவர், வெளியே ஏழு பேர். அறுபது நிமிட ஆட்டத்தில் பின்களத்தில் ஒருவர் ஐம்பது நிமிடம் நின்றால், அந்த ஐம்பது நிமிடமும் வேறொருவருக்குக் கிடைக்காத நிமிடங்கள். பணமாக இருந்தால் அடுத்த வருடம் திரட்டிக்கொள்ளலாம். பத்தொன்பது வயதில் ஆடாமல் வெளியே உட்கார்ந்திருந்த பையனுக்கு அந்த நிமிடங்களை இருபத்து மூன்று வயதில் திருப்பிக் கொடுக்க வழியில்லை. "அவர் சும்மாதானே விளையாடுகிறார், வைத்திருந்தால் என்ன நட்டம்?" என்ற பேச்சுக்கு இதுவே பதில்.

இனி வயது எதை எடுக்கிறது, எதை விட்டுவைக்கிறது என்று பார்ப்போம். இருபதுகளின் பிற்பகுதியிலிருந்தே வேக ஓட்டம் மெல்லக் குறையத் தொடங்கும். நேராக ஓடும் வேகத்தைவிட, நின்ற நிலையில் திரும்பி முதல் மூன்று அடி வைக்கும் வேகம்தான் பின்கள வீரருக்கு முக்கியம். முதலில் அடிபடுவதும் அதுவே. தொடையின் பின்தசைக் காயம் வயதோடு கூடுகிறது. ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வருவதற்கு வாய்ப்பு அதிகம். மறுபக்கம், பந்து எங்கே வரப்போகிறது என்று முன்கூட்டியே வாசிக்கும் திறமை முப்பத்தைந்தில் தேய்ந்துபோவதில்லை. பலருக்கு அது கூடவே செய்கிறது. முதல் தடுத்தலும், அழுத்தம் வரும்போது பந்தை வெளியே எடுக்கும் பதற்றமின்மையும், பின்னாலிருந்து மற்றவர்களை நிறுத்தும் குரலும் அப்படியே. இதனால்தான் முன்கள வீரரைவிடப் பின்கள வீரர் அதிக காலம் நிலைக்கிறார். ஆட்டத்தின் அமைப்பும் அவருக்கு உதவுகிறது. எத்தனை தடவையும் ஆளை மாற்றலாம் என்ற விதி 1992 முதல் இருக்கிறது. முன்கள வீரர்கள் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை மாறி மாறி வேகமாக ஓட, பின்களத்தவர்கள் பொதுவாக அதிக நேரம் நின்று குறைந்த வேகத்தில் ஆடுகிறார்கள். அந்த அமைதியான நிமிடங்களுக்குள் வயது ஒளிந்துகொள்ளும் என்பதுதான் சிக்கல். ஐம்பது நிமிடத்தில் நாற்பத்தேழு நிமிடம் அவர் நன்றாகவே தெரிவார். மிச்சம் மூன்று நிமிடத்தில்தான் போட்டி போகும்.

தரையையும் கணக்கில் எடுக்க வேண்டும், ஏனென்றால் ஒரே ஆள் இரண்டு தரையில் இரண்டு வீரராக ஆடுவார். நாவுலப் பக்கத்துப் புல் மண் மைதானத்தில் பந்து துள்ளும், வேகம் சாகும். எதிரணியின் நீண்ட அடி பாதியிலேயே தளர்ந்துவிடும். அங்கே சரியான இடத்தில் நிற்கத் தெரிந்தவர் நாற்பது வயதிலும் ராஜாதான். அங்கிருந்து தெற்கே மாத்தளையில், நந்திமித்ர ஏக்கநாயக்க மைதானத்தின் செயற்கைத் தரையில் ஆட்டமே வேறு. தண்ணீர் தெளித்த தரையில் பந்து நிற்காமல் வழுக்கிப் போகும். தலைக்கு மேலால் தூக்கிப் போடும் பந்து பின்கள வீரரைத் திரும்பி ஓட வைக்கும். விதிகளும் இருபது முப்பது வருடங்களாக அவருக்கு எதிராகவே மாறி வந்திருக்கின்றன. தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஓப்சைட் விதி எடுக்கப்பட்டது. அன்றிலிருந்து எதிரணி முன்கள வீரர் கோல் காப்பாளரின் மூச்சுக் கேட்கும் தூரத்திலும் நிற்கலாம். 2009 முதல் பிறீ ஹிட் கிடைத்தவர் தானே பந்தைத் தட்டிக்கொண்டு உடனே ஓடலாம். விசில் ஊதியதும் இரண்டு வினாடி மூச்சு விட்டு இடம் பிடித்துப் பழகியவருக்கு இது பெரிய அடி. ஆகவே உங்கள் கழகம் அடுத்த வருடம் எத்தனை போட்டியை எந்தத் தரையில் ஆடப்போகிறது என்று முதலில் எழுதிப் பாருங்கள். ஊர்ச் சுற்றுப்போட்டிகளே அதிகம் என்றால் அவருக்குச் சாதகம். மாத்தளையிலும் கொழும்பிலும் டேர்ஃபில் ஆடும் தொடர்தான் இலக்கு என்றால், ஊர் மைதானத்தில் அவர் ஆடிய ஆட்டத்தைச் சான்றாகக் கொண்டு போகாதீர்கள்.

இந்த அத்தியாயத்தில் ஒரேயொரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்: பின்கள வீரரின் சரிவு வாங்கிய கோல்களில் முதலில் தெரியாது, கொடுத்த பெனால்டி கோர்னர்களில் தெரியும். கால் அரை வினாடி பிந்தினால் ஸ்டிக்கும் பிந்தும். பந்துக்குப் போட்ட ஸ்டிக் எதிராளியின் ஸ்டிக்கிலோ காலிலோ படும். அது வட்டத்துக்குள் நடந்தால் பெனால்டி கோர்னர். வெளியே என்றாலும் 23 மீற்றர் பகுதிக்குள் வேண்டுமென்றே செய்ததாக நடுவர் கருதினால் அதுவும் பெனால்டி கோர்னர். இன்னும் பிந்தினால் அட்டை. பச்சைக்கு இரண்டு நிமிடம், மஞ்சளுக்குக் குறைந்தது ஐந்து நிமிடம் அணி பத்துப் பேராக நிற்க வேண்டும். கோல் விழும்போது பார்வையாளர் கோல் காப்பாளரைத் திட்டுவார், அல்லது அடித்தவரைப் பாராட்டுவார். அதற்கு முப்பது வினாடிக்கு முன் அந்தப் பெனால்டி கோர்னரைக் கொடுத்தவர் யார் என்பது பேச்சில் வராது. இரண்டாவது அறிகுறி இதைவிட நுட்பமானது. தன் கால் முன்போல இல்லை என்பது மற்ற எவரையும்விட முதலில் அவருக்குத்தான் தெரியும். ஆகவே யாரும் சொல்லாமலே இரண்டு மூன்று மீற்றர் பின்னால் தள்ளி நிற்கத் தொடங்குவார். அவரைத் தாண்டி யாரும் ஓடாததால் அவர் நன்றாக ஆடுவதுபோல் தெரியும். அவருக்கும் நடுக்களத்துக்கும் இடையில் விழுந்த வெற்றிடத்தில் எதிரணி வசதியாகப் பந்தை வாங்கித் திரும்பும். பழி நடுக்களப் பையன்கள் மேல் விழும்: "ஓடவே மாட்டேங்கிறானுங்க." வயதேறிய பின்கள வீரர் உள்ள அணியில் நடுக்களத்தைப் பற்றித் திடீரென்று முறைப்பாடு கூடினால், பார்வையைப் பின்னுக்குத் திருப்புங்கள்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்து நினைவில் வைத்துச் சொல்ல முடியாது. நினைவு எப்போதும் கடைசிப் போட்டியின் பக்கம் சாயும். ஒரு அப்பியாசக் கொப்பியும் பென்சிலும் போதும். ஆடாத ஒருவரை, முடிந்தால் கழகத்துக்கு வெளியே உள்ள ஓர் ஆசிரியரை, நாலைந்து போட்டிகளுக்கு உட்கார வையுங்கள். ஒவ்வொரு பதினைந்து நிமிடத்துக்கும் ஒரு பக்கம். அவரைத் தாண்டி வெளிப்பக்கமாகப் போனவர்கள் எத்தனை பேர், அவர் இடையில் வெட்டி எடுத்த பந்துகள் எத்தனை, அவர் கொடுத்த பந்து நம் ஆளிடம் போனது எத்தனை தடவை, 23 மீற்றருக்குள் செய்த தவறுகள் எத்தனை என்று மட்டும் கோடு போட்டால் போதும். எத்தனை தடவை பந்தைப் பறித்தார் என்ற கணக்கை எடுக்கவே வேண்டாம். நல்ல பின்கள வீரர் சரியான இடத்தில் நின்று பறிக்க வேண்டிய தேவையே வராமல் செய்பவர். அந்தக் கணக்கு அவருக்கு அநியாயம் செய்யும். பிறகு முதற் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அருகருகே வையுங்கள். முதற் கால்பகுதியில் நன்றாகவும் கடைசிக் கால்பகுதியில் மோசமாகவும் இருந்தால் அது உடற்தகுதிப் பிரச்சினை. நிமிடத்தைக் குறைத்தால் சரிவரும். முதற் கால்பகுதியிலேயே தவறு கூடியிருந்தால் அது வேறு. நிமிடத்தைக் குறைத்து அதைத் திருத்த முடியாது. சனி, ஞாயிறுகளில் ஒரே நாளில் இரண்டு மூன்று போட்டி ஆடும் தொடர்களில் இரண்டாவது போட்டியைத் தனியாக எழுத வேண்டும். நாவுலப் பக்கத்து வெயிலில் மத்தியான ஆட்டம் எல்லோரையும் சோதிக்கும். முப்பத்தாறு வயதுக்காரரைக் கொஞ்சம் கூடுதலாகவே சோதிக்கும்.

இனிப் பிரதான வாதத்துக்கு வருவோம். ரூபிந்தர் பால் சிங், பீரேந்திர லாக்ரா இருவரும் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கித்தந்த பின்கள வீரர்கள். 2021 செப்டெம்பர் 30 அன்று, ஒரே நாளில், இருவரும் சர்வதேச ஹொக்கியிலிருந்து ஓய்வு அறிவித்தார்கள். பின்களத்தில் இரண்டு தூண்கள் ஒரே நேரத்தில் போனபோதும் இந்தியா சரியவில்லை. ஹர்மன்பிரீத் சிங், அமித் ரோஹிதாஸ், சுரேந்தர் குமார் போன்றவர்கள் ஏற்கெனவே அவர்களோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். 2024 பரிஸிலும் வெண்கலம் வந்தது. அடுத்த கட்டம் இன்னும் சுவையானது. 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கிண்ணத்துக்கு இந்தியா ஓர் இளைஞர் அணியை அனுப்பத் தீர்மானித்தபோது, ஓய்வு பெற்ற ரூபிந்தரையே தலைவராக அழைத்தது. பயிற்சியில் அவருக்கு மணிக்கட்டில் காயம். தலைமை லாக்ராவிடம் போனது. அந்த அணி வெண்கலத்தோடு திரும்பியது. மூத்தவரை ஒரு தொடருக்கு, ஒரு வேலைக்கு, சுற்றிலும் இளையவர்களை வைத்துக்கொண்டு அழைத்தார்கள். அவர் விழுந்தபோது இன்னொருவர் தயாராக இருந்தார். வயதேறியவரை நம்பும் எவரும் இந்த இரண்டாவது ஆளை மறக்கக்கூடாது.

ரூபிந்தரின் கதை அங்கே முடியவில்லை. 2025 பெப்ரவரி 1 அன்று ரூர்கேலாவில் நடந்த ஹொக்கி இந்தியா லீக் இறுதிப் போட்டியில் ஷிராச்சி ராட் பெங்கால் டைகர்ஸ் அணி ஹைதராபாத் தூஃபான்ஸை 4–3 என்று வென்றது. வென்ற அணியின் தலைவர், அப்போது 34 வயதான ரூபிந்தர். ஆனால் மூன்று கோல் அடித்தவர் அவரல்ல, இளையவரான ஜுக்ராஜ் சிங். ரூபிந்தர் தன் காலத்தில் உலகின் பெயர்பெற்ற ட்ராக் பிளிக் வீரர்களில் ஒருவர். அந்த ஆயுதம் இளையவர் கையிலும், அணியை நடத்தும் பொறுப்பு மூத்தவர் கையிலும் இருந்தன. இதற்கு எதிர்ப்பக்கத்தில் பாகிஸ்தானின் சொஹைல் அப்பாஸ். சர்வதேசப் போட்டிகளில் 348 கோல் அடித்த பின்கள வீரர். அவருக்கு நிகராக அந்த நாட்டில் யாரும் எழவில்லை. அதனால் மறுபடி மறுபடி அழைக்கப்பட்டார். 2010 உலகக் கிண்ணத்தில் பாகிஸ்தான் கடைசி இடம். அதே வருடக் கடைசியில் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம், இறுதிப் போட்டியில் அப்பாஸும் கோல் அடித்தார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அவரே தலைவர், அணிக்கு ஏழாம் இடம். அதன் பிறகு 2014 உலகக் கிண்ணத்துக்கும் 2016 ஒலிம்பிக்குக்கும் பாகிஸ்தான் தகுதி பெறவேயில்லை. பாகிஸ்தான் ஹொக்கியின் வீழ்ச்சிக்கு நிர்வாகம், பணம் என்று காரணங்கள் பல. அதை ஒரு மனிதரின் தலையில் கட்டுவது அநியாயம். அவர் அழைக்கப்பட்ட ஒவ்வொரு தடவையும் தன் வேலையைச் செய்தார். அவரை அழைத்தவர்கள்தான் "இவருக்குப் பிறகு யார்" என்ற கேள்வியை ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போட்டார்கள். மாற்று ஆள் இல்லை என்பதற்காக ஒருவரை வைத்திருந்தால், அடுத்த வருடமும் மாற்று ஆள் இருக்க மாட்டார்.

எவ்வளவு காலத்துக்கு என்ற கேள்விக்கு விடை சுலபம்: ஒரு வருடம், அதற்கு மேல் இல்லை. பெரிய பணம் புழங்கும் வட அமெரிக்க ஐஸ் ஹொக்கியில் இதற்கான பாடங்கள் வெளிப்படையாகக் கிடக்கின்றன. சிகாகோ அணி 2010, 2013, 2015 என மூன்று தடவை கிண்ணம் வென்றது. அதில் பங்கெடுத்த பின்கள வீரர் பிரென்ட் சீப்ருக்குக்கு 2015இல், 30 வயதில், எட்டு வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். மொத்தம் 5 கோடியே 50 இலட்சம் டொலர். 2019 டிசெம்பருக்குப் பிறகு அவர் ஆடவில்லை. இடுப்பு அறுவைச் சிகிச்சைகள், பிறகு விலகல். அவர் கடைசியாக ஆடியபோது ஒப்பந்தத்தில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அந்த எட்டு வருடம், நடந்து முடிந்ததற்குக் கொடுத்த நன்றிப்பணம். டெட்ராய்ட்டின் நிக்லஸ் லிட்ஸ்ட்ரம் கடைசிக் காலத்தில் ஒவ்வொரு வருடமாகவே கையெழுத்திட்டார். 2011இல் 41 வயதில் சிறந்த பின்கள வீரருக்கான நோரிஸ் விருதை ஏழாவது தடவையாக வாங்கினார். அடுத்த வருடம், தன்னால் முடியவில்லை என்று தானே நிறுத்திக்கொண்டார். ஒரு வருட ஏற்பாடு இரண்டு பக்கத்துக்கும் மரியாதையாக விலகும் வாசலைத் திறந்து வைக்கிறது. நமது கழகங்களில் எழுத்து ஒப்பந்தம் இல்லை. ஆனால் "இவர் எப்போதும் எங்கள் ஆள்" என்ற வாய்வார்த்தை எட்டு வருட ஒப்பந்தத்தைவிடக் கெட்டியானது. அதை உடைக்க, ஒவ்வொரு பதிவுக்கும் முன் அவருடைய பெயரையும் மற்றவர்களுடையதைப் போலவே மேசையில் வைத்துப் பேசும் வழக்கத்தை உண்டாக்குங்கள்.

வேலையைப் பிரித்துக் கொடுப்பதும் அவசியம். பெனால்டி கோர்னரைத் தடுக்க ஐந்து பேர் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள், கோல் காப்பாளர் உட்பட. அதில் முதலாவதாகப் பாய்ந்து ஓடுபவரின் வேலை பந்து அடிபடும் புள்ளியை நோக்கி உடம்பைக் கொண்டுபோவது. வேகமும் துணிவும் வேண்டிய வேலை. போஸ்ட்டில் நிற்பவரின் வேலை அசையாமல் நின்று ஸ்டிக்கைச் சரியான கோணத்தில் வைப்பது. முன்னதை இளையவருக்கும் பின்னதை மூத்தவருக்கும் கொடுப்பதில் யாருக்கும் குறை இருக்காது. இந்த வேலைகள் எவ்வளவு தனித்தன்மை உடையவை என்பதைப் பரிஸ் ஒலிம்பிக் காட்டியது. பெரிய பிரித்தானியாவுக்கு எதிரான காலிறுதியில் 17ஆவது நிமிடத்தில் சிவப்பு அட்டை வாங்கிய அமித் ரோஹிதாஸ்தான் இந்தியாவின் முதல் ஓட்டக்காரர். மிச்ச நேரம் முழுதும் பத்துப் பேராக நின்று இந்தியா அன்று தப்பியது. ஆனால் அவர் இல்லாத அரையிறுதியில் ஜெர்மனியின் முதல் கோல் பெனால்டி கோர்னரிலிருந்து வந்தது, போட்டியும் 2–3 என்று போனது. அவர் இருந்திருந்தால் வென்றிருக்கும் என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் ஒரே வேலைக்கு ஒரே ஆளை வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்பது அதில் தெரிகிறது. உங்கள் மூத்தவர் ஐந்து வேலைகளைச் செய்கிறார் என்றால், அடுத்த வருடம் அவரிடம் இரண்டை மட்டும் விட்டு, மூன்றை யார் யாரிடம் கொடுக்கிறீர்கள் என்று பெயரோடு எழுதுங்கள். பெயர் எழுத முடியாவிட்டால் நீங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை.

இதற்கு எதிராக வரும் வாதங்களில் இரண்டு கனமானவை. ஒன்று, அனுபவத்தை வெளியே இருந்தும் கொடுக்கலாமே, அவரைப் பயிற்றுவிப்பாளராக்கினால் போதாதா என்பது. பயிற்சி நாளில் அது சரி. போட்டியில், வலப்பக்கமாகப் பந்து சுழன்று வரும் அந்த வினாடியில் "விடு, உள்ளுக்கு வா" என்ற குரல் பின்னாலிருந்து, களத்துக்குள்ளிருந்து வர வேண்டும். கோட்டுக்கு வெளியிலிருந்து கத்தினால் எட்டாது. பதினெட்டு வயதுப் பின்கள வீரர் அந்தக் குரலுக்குப் பக்கத்தில் ஒரு பருவம் நின்றால் கற்பது, மூன்று பருவம் தனியாக நின்று அடிவாங்கிக் கற்பதைவிட அதிகம். ஆனால் இந்த நியாயம் செல்ல ஒரு நிபந்தனை உண்டு: மூத்தவர் உண்மையிலேயே பேசுபவராக இருக்க வேண்டும். சிலர் பதினைந்து வருடம் ஆடியும் வாயைத் திறக்க மாட்டார்கள். சிலர் திறந்தால் திட்டுவதற்கு மட்டும்தான். அவர்களுடைய அனுபவம் அவர்களோடேயே இருக்கும். கொப்பிக்காரரிடம் சொல்லி, அவர் களத்தில் இருக்கும்போதும் வெளியே இருக்கும்போதும் இளையவர்கள் நிற்கும் நிலையை ஒப்பிட்டுப் பார்த்தால் இது ஒரே மத்தியானத்தில் தெரிந்துவிடும்.

மற்றது நமது மண்ணுக்கே உரிய வாதம். இதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். நாவுலயில் இளைஞர் நிலைப்பதில்லை. நன்றாக ஆடுகிறவரை இராணுவமோ விமானப்படையோ எடுத்துக்கொள்ளும். நாட்டின் முன்னணி அணிகளில் படை அணிகளுக்குத்தானே பெரிய இடம். மற்றவர் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திலோ கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலைக்குப் போய்விடுவார். வருடா வருடம் இருப்பவர் அந்த மூத்தவர் ஒருவர்தான். போகப்போகிற பையனுக்காக இருக்கிறவரை ஏன் தள்ள வேண்டும்? இதில் உண்மை இருக்கிறது. இதனால்தான், முன்னணிக் கழகம் ஒன்று விட்டுவிடக்கூடிய ஒருவரைச் சிறு கழகம் இன்னொரு வருடம் வைத்திருப்பதில் பிழையில்லை என்கிறேன். ஆனால் பையன்கள் போவதால் அவர்களை வளர்க்கத் தேவையில்லை என்று இதிலிருந்து முடிவு கட்டினால் கழகம் ஒரே ஆளின் முழங்காலில் தொங்கும். ஒருவர் போவார் என்று தெரிந்தால் இருவரைப் பதிவு செய்யுங்கள். பாடசாலை அணியில் கடைசி வருடம் ஆடும் பின்கள வீரரை இப்போதே பயிற்சிக்குக் கூப்பிடுங்கள். படையில் சேர்ந்த ஒவ்வொரு பையனும் கழகத்துக்கு நட்டம் என்று கணக்குப் போடுபவர்கள், அடுத்த பையனின் தகப்பன் அதைப் பார்த்துத்தான் மகனை மைதானத்துக்கு அனுப்புகிறார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நன்றிக்கடன் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. கடன் உண்மையானது, ஆனால் அதை நிமிடங்களால் அடைக்கக்கூடாது. கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பொன்னாடை, அவர் பெயரில் ஓர் இளையோர் சுற்றுப்போட்டி, தெரிவுக் குழுவில் ஓர் இடம் என்று வழிகள் இருக்கின்றன. மஞ்சள் அட்டை வாங்கி வெளியே உட்கார்ந்திருக்கும்போது சின்னப் பையன்கள் சிரிப்பதைக் கேட்கும் நிலைக்கு அவரைக் கொண்டு வருவது நன்றி ஆகாது. 2020 டிசெம்பரில் பொஸ்டன் ஐஸ் ஹொக்கி அணி, பதினான்கு பருவம் தலைவராக இருந்த 43 வயதான ஸ்டேனோ சாராவிடம் இளையவர்களுக்கு முன்னிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னது. அவர் வொஷிங்டனுக்குப் போய் அங்கே ஆடினார். விஷயத்தை வெளிப்படையாகச் சொன்னதால், பிரிவு கசப்பான சண்டையாக மாறவில்லை.

ஆகவே தீர்ப்பு இது. பக்கத்தில் வேகமாகத் திரும்பக்கூடிய ஒரு துணைப் பின்கள வீரர் இருந்து, அவருடைய நிமிடங்களில் பாதியை வாங்கப்போகும் இளையவரின் பெயர் பட்டியலில் இருந்து, கொப்பியின் முதற் பக்கத்தில் தவறுகள் கூடாமல் இருந்தால் ஒரு வருடத்துக்குப் பதிவு செய்யுங்கள். இந்த மூன்றில் கொப்பி சரியில்லை என்றால் மற்ற இரண்டும் இருந்தாலும் வேண்டாம். இளையவர் இல்லை என்றால், முதலில் இளையவரைத் தேடிவிட்டு மூத்தவரிடம் வாருங்கள். எந்த முடிவாக இருந்தாலும் பதிவு முடிவதற்குக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே, தலைவரும் பயிற்றுவிப்பாளரும் அவருடைய வீட்டுக்குப் போய் நேரில் சொல்ல வேண்டும். வட்ஸ்அப் குழுவில் பட்டியலைப் போட்டு அவரே தேடிப் பார்க்கும்படி விடக்கூடாது. பேச்சையும் சுற்றி வளைக்க வேண்டாம். "அண்ணே, அடுத்த வருஷம் முப்பது நிமிஷம்தான். போஸ்ட் உங்களுக்கு, பாய்றது தம்பிக்கு. கப்டன் நீங்கதான்" என்று எண்ணிக்கையோடு சொன்னால் அவரும் எண்ணிக்கையோடு யோசிப்பார். "நீங்க இல்லாம முடியாது" என்று தொடங்கி, முதல் போட்டியில் அவரை வெளியே உட்கார வைத்தால் கழகம் ஒரு வீரரை மட்டுமல்ல, அவரோடு சேர்ந்து ஒரு குடும்பத்தையும் இழக்கும். அவர் முப்பது நிமிடம் வேண்டாம் என்று சொன்னால் கைகொடுத்து விடைபெறுங்கள். ஐம்பது நிமிடமாக உயர்த்திப் பேரம் பேசாதீர்கள்.